பழைய ஃபிளாஷைக் கார்டில் இணைக்கும் முன் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள்

சென்னையில் பிலிம் கேமராவைக் கையிலெடுக்கும் இளைஞர்கள் பலர், வீட்டு அலமாரியிலிருந்தோ பழைய பொருள் விற்பவரிடமிருந்தோ கிடைத்த ஃபிளாஷையும் என் பழுதுநீக்கும் மேசைக்குக் கொண்டுவந்து, இதைக் கேமராவிலிருந்து தள்ளி வைத்து எரிய வைக்க கேமராவையும் ஃபிளாஷையும் இணைக்கும் சிங்க் கார்டு என்ற கம்பி ஒன்று போதுமா என்று கேட்கிறார்கள். பக்கவாட்டிலிருந்து விழும் வெளிச்சம் முகத்துக்குத் தரும் ஆழத்தைக் கேமராவின் மேல் பொருத்திய ஃபிளாஷ் தராது என்பதால், அந்த ஆசை நியாயமானதுதான். ஆனால் கார்டுக்கு முன்பே, மின்னழுத்தத்தை அளக்கும் ஒரு மல்டிமீட்டர் தேவைப்படுகிறது.

ஷட்டர் முழுமையாகத் திறக்கும் கணத்தில் கேமராவுக்குள் இரண்டு உலோகத் தொடுமுனைகள் சேர்கின்றன. ஃபிளாஷைப் பொறுத்தவரை கேமரா ஒரு சுவிட்ச் மட்டுமே. அந்தச் சுவிட்சின் குறுக்கே நிற்கும் மின்னழுத்தம் ஃபிளாஷுக்கு ஃபிளாஷ் பெரிதும் மாறுபடும். விவிடார் 283 என்ற பழைய ஃபிளாஷை எடுத்துக்கொண்டால், ஜப்பானில் தயாரான தொடக்ககாலப் பிரதிகளில் பெரும்பாலும் 200 வோல்ட்டுக்கு மேலும், பிற்காலப் பிரதிகளில் 10 வோல்ட் அளவிலும் இருக்கும். ஆகவே பெயரைப் பார்த்து எதையும் முடிவு செய்ய இயலாது. முழுக்க இயந்திர விசையில் இயங்கும் பழைய கேமராக்கள் உயர் அழுத்தத்தைத் தாங்கும் என்றாலும், தொடுமுனைகளில் பொறி தெறித்துத் தெறித்து அவை நாளடைவில் கருகுகின்றன. மின்னணு ஷட்டர் கொண்ட பிலிம் கேமராவும், கம்பியில்லாமல் ஃபிளாஷை எரிய வைக்கும் ரேடியோ டிரிக்கரும், டிஜிட்டல் கேமராவும் அந்த அளவுக்குப் பொறுத்துக்கொள்வதில்லை. நிக்கான் தன் டிஜிட்டல் கேமராக்களின் கையேட்டில், 250 வோல்ட்டுக்கு மேற்பட்டதையும், எதிர்மின் அழுத்தம் தருவதையும் பொருத்தக் கூடாது என்று எச்சரிக்கிறது. வேறு பல கேமராக்களின் வரம்பு இதைவிட மிகக் குறைவு.

அளப்பது எளிது. புதிய பேட்டரிகளைப் போட்டு, தயார் விளக்கு எரிந்த பிறகும் சற்றுப் பொறுத்து, மீட்டரை உயர் டிசி வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையை ஃபிளாஷின் அடிப்பாகத்தில் நடுவிலுள்ள தொடுபுள்ளியிலும், கறுப்பு முனையைப் பக்கவாட்டு உலோகத்திலும் வையுங்கள். சென்னை வெயிலில் வியர்த்த கை அந்த இடங்களில் படக் கூடாது. கார்டு இணைக்கும்போதும், ஃபிளாஷை அணைத்த நிலையில் இணைத்துவிட்டுப் பிறகு ஆன் செய்யுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, ஃபிளாஷின் உள்ளே மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர். சுமார் 300 வோல்ட்டுக்கு மின்னேற்றம் பெறும் அது, பேட்டரியைக் கழற்றிய பிறகும் நெடுநேரம் அந்த மின்னூட்டத்தை வைத்திருக்கக்கூடும் என்பதால், இணையத்தில் காணொலி பார்த்துவிட்டு ஃபிளாஷின் மூடியைத் திறக்கவே கூடாது என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பல ஆண்டுகள் சும்மா கிடந்த கெப்பாசிட்டரின் உள்ளே காப்பாக இருக்கும் ஆக்சைடு படலம் பலவீனமாகியிருக்கும். எடுத்த எடுப்பில் தொடர்ந்து எரிய வைத்தால் அது சூடாகிக் கெட்டுப்போகலாம். தயார் விளக்கு வரும்வரை மின்னேற்றி, எரிய வைக்காமல் சில நிமிடங்கள் விட்டு, அணைத்து, மீண்டும் மின்னேற்றுவதைப் பொறுமையாகச் சில முறை செய்தால் படலம் மீளும். புதிய பேட்டரி போட்டும் விளக்கு வர மிகத் தாமதமானாலோ, ஃபிளாஷின் உடல் சூடேறினாலோ, கருகிய வாடை வந்தாலோ உடனே அணைத்துவிட்டுப் பழுது தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள்.

உயர் அழுத்த ஃபிளாஷைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கேமராவில் ஒரு சிறிய பாதுகாப்பான ஃபிளாஷையும், தள்ளி நிற்கும் பழையதில் அதன் அழுத்தத்தைத் தாங்கும் ஆப்டிகல் ஸ்லேவையும் (இன்னொரு ஃபிளாஷின் வெளிச்சத்தைக் கண்டு தன் ஃபிளாஷை எரிய வைக்கும் கருவி) பொருத்தினால், இரண்டுக்கும் இடையே கம்பியே இல்லாமல் போகிறது. எனக்கு மிகவும் பிடித்த வழி இதுவே. திருமண மண்டபத்துக் கூட்டத்தில் கார்டில் யாரும் தடுக்கி விழவும் மாட்டார்கள்.

லென்ஸ் துளையின் அளவான எஃப் எண்ணைக் கண்டுபிடிக்க, ஃபிளாஷின் சக்தியைக் குறிக்கும் கைடு நம்பரை, ஃபிளாஷுக்கும் முகத்துக்கும் இடையிலான தூரத்தால் வகுக்க வேண்டும். கேமராவின் தூரம் இங்கே கணக்கில் வராது. ஐஎஸ்ஓ 100 பிலிமில் மீட்டர் கணக்கில் கைடு நம்பர் 36 என்றால், மூன்று மீட்டருக்கு எஃப்/11-க்கும் 16-க்கும் இடையே வரும். வயதான ஃபிளாஷ் சொன்ன அளவு தருவது அரிது என்பதால் லென்ஸின் துளையை ஒரு ஸ்டாப் (இருமடங்கு வெளிச்சம்) கூடுதலாகத் திறப்பேன்.

ஷட்டர் வேகமும் முக்கியம். பென்டாக்ஸ் கே1000-இல் 1/60 வினாடியையும், நிக்கான் எஃப்எம்-இல் 1/125 வினாடியையும் விட வேகமாக வைத்தால் படத்தின் ஒரு பகுதி கறுத்துப்போகும். ஃபிளாஷை எரிய வைக்க எக்ஸ், எம் என இரு நிலைகள் கொண்ட பழைய கேமராக்களில் எம் என்பது மெதுவாக எரியும் ஃபிளாஷ் பல்புகளுக்கானது. மின்னணு ஃபிளாஷுக்கு எக்ஸ் மட்டுமே.

கடற்காற்று படியும் நம் ஊரில் கார்டின் முனை களிம்பேறி ஃபிளாஷ் விட்டுவிட்டு எரிவது வழக்கம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். எல்லாம் சரியா என்பதைப் பிலிம் போடாமலே அறியலாம்: பின்மூடியைத் திறந்து, லென்ஸின் துளையை முழுதும் அகலமாக்கி, ஃபிளாஷை வெள்ளைச் சுவரின் பக்கம் திருப்பி, கேமராவையும் அச்சுவரை நோக்கிப் பிடித்து, பின்புறமிருந்து பார்த்தபடி ஷட்டரை அழுத்துங்கள். பிலிம் நிற்க வேண்டிய சட்டம் முழுதும் வெளிச்சமாகத் தெரிந்தால் ரோலைப் போடலாம். ஒரு பக்கம் இருண்டிருந்தால் வேகத்தைக் குறையுங்கள். வெளிச்சமே வரவில்லையெனில் எக்ஸ் நிலையையும் கார்டையும் மறுபடி சரிபாருங்கள்.