டிப்ளமேட்டிக் என்றால் மழுப்புவதா?

அலுவலக ஆங்கில வகுப்புகளில் ‘டிப்ளமேட்டிக்’ என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டால், “பட்டும் படாமலும் பேசுவது” என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது. “டிப்ளமேட்டிக்கா பதில் சொல்லிட்டார்” என்று நாம் சொல்வதே பாதி கிண்டல். ஆள் நழுவிவிட்டார் என்று அர்த்தம். ஆங்கிலத்திலும் அப்படிக் குத்தலாகச் சொல்வதுண்டு. ஆனால் பணி மதிப்பீட்டில் மேலாளர் உங்களைப் பற்றி அப்படி எழுதியிருந்தால், அநேகமாக அது பாராட்டு. அது புரியாமல் மனம் புழுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சொல்லின் வேர், ‘மடித்த தாள்’ என்ற பொருளுடைய ‘டிப்ளோமா’ என்ற கிரேக்கச் சொல். ரோமானியப் பேரரசில் அரசு வழங்கிய பயண அனுமதிக்கும் சலுகைப் பத்திரத்துக்கும் அந்தப் பெயர் இருந்தது. 1681இல் ழான் மபியோன் என்ற பிரெஞ்சுத் துறவி, பழைய ஆவணங்களில் அசல் எது, போலி எது என்று சோதிக்கும் முறையை லத்தீனில் நூலாக எழுதினார். அந்தத் துறைக்கு ‘டிப்ளமேட்டிக்ஸ்’ என்றே பெயர் நிலைத்தது. மழுப்பலுக்கு அடையாளமாகிவிட்ட சொல்லுக்கு இப்படியொரு பூர்வீகம் என்பதில் எனக்கு அற்ப சந்தோஷம். ஒப்பந்த ஆவணங்களிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் அது தூதர்களின் வேலைக்கு நகர்ந்தது. சாதுரியம் என்ற பொருள் அதற்கும் பிறகு வந்ததுதான்.

பயிற்சிக்கு வரும் மின்னஞ்சல்களில் நான் அடிக்கடி திருத்துவது இதைத்தான். “உங்கள் அறிக்கை தப்பு” என்பது முரட்டுத்தனம். “நல்ல முயற்சி, இன்னும் மெருகேற்றலாம்” என்பது மழுப்பல். எதைத் திருத்த வேண்டும் என்றே படிப்பவருக்குத் தெரியாது. “மூன்றாம் பக்கக் கூட்டுத்தொகை மூலக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. வியாழனுக்குள் சரிபார்த்துத் தந்தால் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வைத்துவிடலாம்” என்று எழுதுங்கள். பிழை பிழையாகவே சொல்லப்படுகிறது, ஆளின் மேல் பழி விழவில்லை. டிப்ளமேட்டிக் என்பது இதுதான்.

‘டாக்ட்ஃபுல்’ ஏறக்குறைய இதே பொருள்தான், எதிராளியின் மனம் நோகாமல் பார்த்துக்கொள்வதில் அழுத்தம் சற்று அதிகம். ‘டிஸ்கிரீட்’ வேறு; வாயைக் காப்பது, பிறர் ரகசியத்தை வெளியே விடாமலிருப்பது. செய்திகளில் வரும் ‘டிப்ளமேட்டிக் இம்யூனிட்டி’க்கும் இனிய பேச்சுக்கும் சம்பந்தமே இல்லை. அது 1961 வியன்னா உடன்படிக்கை தூதர்களுக்குத் தரும் சட்டப் பாதுகாப்பு. மொழிபெயர்க்கும்போது அங்கே ‘தூதரக’ என்றே எழுத வேண்டும்.