இரண்டு பில் கட்டினால் இரண்டு பாதை ஆகிவிடாது

சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது என் வேலை. அதில் நான் அடிக்கடி கேட்பது இது: "எங்களுக்கு என்ன கவலை, ரெண்டு கம்பெனியில இன்டர்நெட் லைன் எடுத்திருக்கோம்ல." சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் கிடங்கு வைத்திருப்பவரும் சொல்வார், சிராங்கூன் ரோட்டில் பணம் அனுப்பும் கடை நடத்துபவரும் சொல்வார். சரி, அந்த இரண்டு லைனும் எந்த வழியாக உங்கள் கட்டடத்துக்குள் வருகின்றன என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது.

சிங்கப்பூரின் தேசிய அகலக்கற்றைக் கட்டமைப்பு மூன்று அடுக்காகப் பிரிக்கப்பட்டது. தரைக்கடியில் ஓடும் ஃபைபர் நெட்லிங்க் வசம். அதன்மேல் கருவிகளை வைத்து இயக்குவோர் இரண்டாவது அடுக்கு. நமக்குத் திட்டம் விற்பவர்கள் மூன்றாவது. 2010இல் சேவை தொடங்கியபோது, ஒரே ஃபைபரை எல்லாரும் வாடகைக்கு எடுக்கலாம் என்பதால் சிறிய விற்பனையாளர்களும் போட்டிக்கு வர முடிந்தது. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பெயரில் வாங்கிய லைன்கள் ஒரே கேபிளுக்குள், ஒரே மேன்ஹோல் வழியாக, ஒரே இணைப்பகத்துக்கு (வட்டாரத்தின் லைன்கள் எல்லாம் வந்து சேரும் நிலையம்) போய்ச் சேர நிறையவே வாய்ப்பு உண்டு. ஜோகூருக்கு இரண்டு கம்பெனி பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாலும், கடற்பாலத்தில் நெரிசல் என்றால் இரண்டுமே நிற்கும் அல்லவா?

ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில் இதை நேரில் பார்த்தேன். வெளியே சாலை தோண்டும் வேலை. கேபிள் அறுந்தது, இரண்டு லைனும் ஒரே நிமிடத்தில் படுத்தன. டிரேட்நெட்டில் சுங்க அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியவில்லை. ஊழியர்கள் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை வைத்துக்கொண்டு ஒரு மதியம் முழுக்கத் திண்டாடினார்கள். இரண்டாவது லைனுக்குக் கட்டிய பணம் அன்று எதற்கும் உதவவில்லை.

இது சின்னக் கம்பெனிகளின் பிரச்சினை மட்டுமல்ல. 2013 அக்டோபரில் புக்கிட் பாஞ்சாங் இணைப்பகத்தில் தீப்பிடித்தபோது வங்கிகளும் பாதிக்கப்பட்டன, அந்த இணைப்பகம் யாருடையதோ அந்த நிறுவனத்தின் போட்டியாளர்களிடம் லைன் வாங்கியவர்களும் பாதிக்கப்பட்டார்கள். அந்த நிறுவனத்துக்கு 6 மில்லியன் வெள்ளி அபராதம் பின்னால் வந்தது. அன்றைக்கு நின்ற வியாபாரம் நின்றதுதான்.

அதனால் லைன் வாங்கும்போது எத்தனை ஜிபிபிஎஸ் வேகம் என்பதை அப்புறம் கேளுங்கள். முதலில் இரண்டு லைனின் பாதை வரைபடத்தைக் கேளுங்கள். எந்த இணைப்பகத்திலிருந்து வருகிறது, கட்டடத்துக்குள் நுழையும் இடம் ஒன்றா இரண்டா, வெளியிலிருந்து வரும் கேபிள்கள் சேரும் எம்டிஎஃப் அறையிலிருந்து அவை மாடிக்கு ஏறும் செங்குத்துப் பாதை, அதாவது ரைசர், ஒன்றுதானா? பழைய தொழிற்பேட்டைக் கட்டடங்கள் பலவற்றில் ரைசர் ஒன்றுதான் இருக்கும். அதை எளிதில் மாற்ற முடியாது. அங்கே 5ஜி ரௌட்டரை மாற்று வழியாக வைப்பது மலிவு, பல நேரம் போதும். வேறு பாதை வேண்டும் என்றால், மின்கம்பி வழித்தடத்தை ஒட்டித் தனியாக ஃபைபர் போட்டிருக்கும் நிறுவனமும் இங்கே இருக்கிறது. எதுவானாலும் 'தனிப்பாதை' என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். விற்பனையாளர் வாய்வார்த்தையாகச் சொல்வது கணக்கில் சேராது.

ஒப்பந்தத்தில் '99.9 விழுக்காடு நேரம் சேவை இருக்கும்' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். கணக்குப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 8 மணி 45 நிமிடம் லைன் இல்லாமல் போனாலும் அவர்கள் வாக்குத் தவறவில்லை. அதற்கு மேல் போனாலும் வழக்கமாகக் கிடைப்பது மாதக் கட்டணத்தில் ஒரு பங்கு கழிவுதான். உங்கள் வியாபார நட்டத்தை யாரும் தர மாட்டார்கள். எத்தனை மணி நேரத்துக்குள் ஆள் வந்து சரிசெய்வார் என்ற வரியைத்தான் நான் முதலில் தேடுவேன்.

சென்னையில் கிளை உள்ளவர்களுக்கு இதே கேள்வி கடலுக்கடியிலும் உண்டு. சிங்கப்பூரையும் இந்தியாவையும் நேரடியாக இணைக்கும் ஐ2ஐ கேபிள் 2002இல் வந்தது, பிறகு வேறு கேபிள்களும் வந்தன. இரண்டு நிறுவனங்களிடம் வாங்கினாலும் இருவரும் ஒரே கேபிளில் இடம் எடுத்திருக்கலாம். 2006 டிசம்பரில் தைவானுக்குத் தெற்கே வந்த நிலநடுக்கத்தில் பல கேபிள்கள் ஒன்றாக அறுந்து, சரிசெய்ய வாரக்கணக்கில் ஆனது. எந்தக் கேபிள் என்று பெயரைக் கேளுங்கள். இன்னொன்று: ஃபைபரில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னைக்குப் போய்த் திரும்ப 30 மில்லிவினாடியாவது ஆகும். 1 ஜிபிபிஎஸ்ஸை 10 ஆக்கினாலும் அது குறையாது.

எல்லாம் போட்ட பிறகு, வேலை குறைவான ஒரு மாலையில் முதல் லைனின் கேபிளை நீங்களே கழற்றிப் பாருங்கள். ரௌட்டரைச் சரியாக அமைத்திருந்தால் இணையம் தானாக இரண்டாவது லைனுக்கு மாறிவிடும், அதோடு இணையத்தில் உங்களை அடையாளம் காட்டும் ஐபி முகவரியும் பெரும்பாலும் மாறும். பழைய முகவரியை மட்டும் அனுமதித்து வைத்திருக்கும் வங்கித் தளமோ சென்னை சர்வரோ கதவைச் சாத்திக்கொள்ளும். இரண்டாவது முகவரியையும் அவர்களிடம் முன்பே பதிந்து வையுங்கள்.