ஒரு வருடம் பொறுத்தால் 120 ரூபாய்

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "எனக்கு 57 முடிந்துவிட்டது, கம்பெனியை மூடப் போகிறார்கள். பி.எஃப். பென்ஷனை இப்போதே வாங்கிக்கொள்ளவா, 58 வரை பொறுக்கவா?"

அடிப்படை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1995-ம் வருட ஊழியர் பென்ஷன் திட்டத்தில், முதலாளி கட்டும் பங்கிலிருந்து சம்பளத்தின் 8.33% பென்ஷன் நிதிக்குப் போகிறது. கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதப் பென்ஷன். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் பெரும்பாலானவர்களுக்குக் கணக்குக்கு 2014-ல் வைத்த 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு. பத்து வருட சர்வீஸ் இருந்தால் 58-ல் முழுப் பென்ஷன். வேலையை விட்டவர் 50-லிருந்தே வாங்கலாம், ஆனால் 58-க்குக் குறைகிற ஒவ்வொரு வருடத்துக்கும் 4% வெட்டு.

இந்த 4% இருக்கிறதே, எனக்கு மிகவும் பிடித்த எண் இது. அவருக்கு 58-ல் 3,000 ரூபாய் வரும் என்று வைத்துக்கொள்வோம். இப்போதே வாங்கினால் 2,880. ஒரு வருடம் முன்னாடியே கைக்கு வருவது 34,560 ரூபாய், அதற்கு விலையாக 58-லிருந்து மாதாமாதம் 120 ரூபாய் போகிறது. 34,560-ஐ 120-ஆல் வகுங்கள்: 288 மாதம், சரியாக 24 வருடம். அதாவது 82 வயதைத் தாண்டினால்தான் பொறுத்திருந்தது லாபம். இந்தியாவில் 60-ஐத் தொட்டவர் சராசரியாக இன்னும் 18 வருடம் போல வாழ்கிறார் என்பதால், வெட்டு கொஞ்சம் இளக்கமாகவே வைக்கப்பட்டிருக்கிறது. 2008-க்கு முன்பு வெட்டு 3%தான், அதில் இதே கணக்கு 90 வயதுக்குப் போய் நிற்கும். போதாததற்கு இந்தப் பென்ஷனுக்குப் பஞ்சப்படி கிடையாது, இருபது வருடம் கழித்து இழக்கும் 120 ரூபாய் இன்றைய 120 ரூபாய் ஆகாது.

58-க்கு மேல் 60 வரை பொறுப்பவருக்கு வருடத்துக்கு 4% கூட்டித் தருகிறார்கள். 36,000 ரூபாயை விட்டுக்கொடுத்து மாதம் 120 ரூபாய் கூடுதலாக வாங்கினால், போட்டது திரும்ப 25 வருடம். அமெரிக்காவில் முழு ஓய்வு வயதுக்குப் பிறகு 70 வரை தள்ளிப்போட்டால் வருடத்துக்கு 8% கூடுகிறது, அங்கே பன்னிரண்டரை வருடத்தில் கணக்கு நேராகிவிடும். இந்தச் சதவீத எண் ஒன்றை மாற்றினாலே போதும், யாரையும் வற்புறுத்தாமல் ஒரு நாட்டின் ஆட்களைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பலாம், இல்லையென்றால் இன்னும் இரண்டு வருடம் வேலையில் நிறுத்தலாம்.

ஆனால் வேலை கையில் இருந்தால் கேள்வியே வேறு. உச்சவரம்புச் சம்பளத்தில் இன்னொரு வருடம் உழைத்தால் 15,000-ஐ 70-ஆல் வகுத்து வரும் 214 ரூபாய் பென்ஷனில் சேரும், 4% வெட்டும் இல்லை, மாதச் சம்பளமும் வரும். எனக்கு வருத்தம் தருவது இதன் மறுபக்கம். 58-க்கு முன் பென்ஷன் வேண்டுமென்றால் பி.எஃப். உள்ள வேலையில் இருக்கக் கூடாது என்பதால், கம்பெனியை விட்டுவிட்டு அதே மேசையில் அதே கத்திரியோடு காண்ட்ராக்ட்காரரிடம் தினக்கூலிக்கு நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இளக்கமான வெட்டும் இந்த விதியும் சேர்ந்துதான் அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்துகின்றன, இது திருத்தப்பட வேண்டிய அமைப்பு என்றே நினைக்கிறேன்.

ஆயுள் எவ்வளவு என்று ஜோசியரிடம் கேட்டு இதை முடிவு செய்கிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். லட்சக்கணக்கானவர்களின் பிறப்பு இறப்பைப் பார்த்துப் போட்ட ஆயுள் அட்டவணை இருக்கிறது, அதுகூட சராசரியைத்தான் சொல்லும். பென்ஷன் என்பதே சராசரியைத் தாண்டி 88 வரை இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்துக்கான காப்பீடு. சேமிப்பு வேறு இருக்கிறவர் இப்போதே வாங்கலாம், இதை மட்டும் நம்பி இருப்பவர் வேறு வருமானத்தில் ஒரு வருடத்தை ஓட்ட முடிந்தால் பொறுப்பதில் அர்த்தம் உண்டு.

அப்புறம், அவருக்குப் பின் மனைவிக்கு அதில் பாதி வரும், குறைத்து வாங்கினால் குறைந்ததில் பாதி. அதனால் 82 என்ற கோடு அவருடைய ஆயுளோடு முடிவதில்லை. அவருக்குப் பதில் எழுதும்போது வீட்டுக்காரம்மாவின் வயதைத்தான் முதலில் கேட்டேன். 49 என்றார்.