முப்புரிக் கயிறும் அவிழும் முடிச்சும்

இருபதாவது வாரத்தில் எடுத்த ஸ்கேனில் கருப்பை வாயின் நீளம் 18 மில்லிமீட்டர்தான் என்று ஒரு வாசகியிடம் சொல்லியிருக்கிறார்கள். இரவுதோறும் பிறப்புறுப்பினுள் வைத்துக்கொள்ளப் புரோஜெஸ்டிரோன் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "தையல் போட்டால் வாய் மூடியிருக்கும் என்பது புரிகிறது. ஒரு ஹார்மோன் எப்படி மூடிவைக்கும்? மாடி ஏறி இறங்கியதால்தான் இப்படி ஆனது என்கிறார்களே, அது உண்மையா?" என்று கேட்கிறார்.

37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தால் அது குறைப்பிரசவம். 2020இல் மட்டும் உலகில் சுமார் 1.34 கோடிக் குழந்தைகள் அப்படிப் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. காரணங்கள் பல: தொற்று, இரட்டைக் கரு, தாயின் ரத்த அழுத்தம், பனிக்குடம் முன்கூட்டியே உடைவது. இங்கே நாம் பார்க்கப்போவது கருப்பை வாயை மட்டும்.

கருப்பை வாய் என்றதும் சுருக்குப் பையைப் போல, தசையால் இறுக்கி மூடிய வாய் என்றே பலரும் நினைக்கிறார்கள். அங்கே தசை குறைவு. பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத நார். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய முப்புரிக் கயிறு அது. கயிறுகள் அருகருகே கிடந்தால் மட்டும் பலம் வராது. இழுத்தால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிவிடும். பக்கத்துக் கயிறுகளை வேதிப் பிணைப்புகள் முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கின்றன. அந்த முடிச்சுகளைப் போடும் நொதியின் பெயர் லைசில் ஆக்சிடேஸ். கருப்பை வாயின் உறுதி இந்த முடிச்சுகளில்தான் இருக்கிறது.

கருவுறாத பெண்ணின் கருப்பை வாய் தொடுவதற்கு மூக்கு நுனியைப் போலவும், கருவுற்றவருடையது உதட்டைப் போலவும் இருக்கும் என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். நீங்களே மூக்கையும் உதட்டையும் தொட்டுப் பாருங்கள். அந்த மாற்றம் கடைசி மாதத்தில் வருவதில்லை, முதல் மூன்று மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது. சுண்டெலிகளில் பார்த்தபோது, கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே முடிச்சுப் போடும் நொதிகள் குறைந்துவிடுவது தெரிந்தது. உடல் பழைய கயிற்றை வெட்டிப் போடுவதில்லை. மெதுவாக உருவிவிட்டு, அந்த இடத்தில் முடிச்சுக் குறைந்த புதுக் கயிற்றை வைக்கிறது. சுவர் நின்றுகொண்டிருக்கும்போதே செங்கல் செங்கலாக மாற்றுவதைப் போன்ற வேலை! ஒரு பக்கம் உள்ளே இருக்கும் பாரத்தைத் தாங்கிக்கொண்டே, மறுபக்கம் பல வாரங்கள் கழித்து நெகிழ்ந்து கொடுக்கவேண்டிய நாளுக்குத் தயாராகிறது. இந்தப் பொறுமையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பிரசவம் நெருங்கும்போது அடுத்த கட்டம். ஹயலுரோனிக் அமிலம் பெருகி, தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. நீர் புகுந்ததும் கயிறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. இனி கருப்பை சுருங்கினால் வாய் விரிந்து கொடுக்கும்.

இந்தக் கட்டத்தைத் தள்ளிப்போடுவதில் புரோஜெஸ்டிரோனுக்குப் பெரிய பங்கு உண்டு. செல்லில் அந்த ஹார்மோன் வந்து பொருந்தும் புரதத்தை ஏற்பி என்பார்கள். அதை அடைக்கும் மிஃபெப்ரிஸ்டோன் மருந்தைக் கொடுத்தால், எந்த மாதமானாலும் கருப்பை வாய் மென்மையாகிவிடுகிறது. இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. செம்மறியாட்டிலும் எலியிலும் பிரசவத்துக்கு முன் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் சரிகிறது. மனிதரிலோ நச்சுக்கொடி வெளியேறும்வரை அதன் அளவு குறைவதில்லை. ஹார்மோன் இருக்கிறது, திசுதான் அதற்குச் செவிசாய்ப்பதை நிறுத்திவிடுகிறது. ஏற்பியின் இரண்டு வடிவங்களுக்கு இடையிலான விகிதம் மாறுவது இதற்கு ஒரு காரணம்.

எனவே வாசகிக்குக் கொடுத்த மாத்திரை எதையும் இழுத்துக் கட்டுவதில்லை. நெகிழும் வேலையைத் தாமதப்படுத்த முயல்கிறது. நெகிழ நெகிழ வாய் குட்டையாவதால்தான் அதன் நீளத்தை அளக்கிறார்கள். 24ஆவது வாரத்தில் கருப்பை வாயின் நடுத்தர நீளம் 35 மில்லிமீட்டர். அதற்குள் 25க்குக் கீழே போனால் கவனிப்பார்கள். 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை இருந்த பெண்களிடம் நடத்திய ஆய்வு 2011இல் வெளியானது. 33 வாரத்துக்கு முன் பிறந்தவை, ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத ஜெல் வைத்தவர்களில் 16.1 சதவீதம், புரோஜெஸ்டிரோன் ஜெல் வைத்தவர்களில் 8.9 சதவீதம்.

தையலின் கதையிலும் கயிறு வருகிறது. 1955இல் பம்பாயைச் சேர்ந்த மருத்துவர் வி. என். ஷிரோட்கர், பெண்ணின் தொடையிலிருந்தே எடுத்த நார்த்திசுப் பட்டையால் கருப்பை வாயைச் சுற்றிக் கட்டிய முறையை வெளியிட்டார். அந்தப் பட்டையும் கொலாஜன்தான். தளர்ந்த கயிற்றைத் தளராத கயிற்றால் கட்டியிருக்கிறார்.

மாடிப்படிக்கு வருகிறேன். முடிச்சுகள் தளர்வது வாரக்கணக்கில் நடக்கும் வேதிவினை. படியேறியதால் அது தொடங்கியது என்பதற்குச் சான்று இல்லை. படுத்தே கிடந்தால் குறைப்பிரசவம் தவிரும் என்பதும் நிரூபணமாகவில்லை. நாள்கணக்கில் படுத்திருப்பதால் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடுகிறது. குழந்தையை நினைத்துக் கலங்கி நிற்பவளிடம் "நீ என்ன செய்தாய்?" என்று கேட்பது கொடுமை. அறியாமையை அவள் தலையில் சுமத்தாதீர்கள்.

உண்மையில் அறியாமை ஆய்வகத்தில் இருக்கிறது. குறைப்பிரசவத்தைத் தடுக்க ஊசியாகப் போடும் ஒரு செயற்கைப் புரோஜெஸ்டிரோனை அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2011இல் விரைவுமுறையில் அனுமதித்தது. பயன் உறுதிப்படாததால் 2023இல் அனுமதியைத் திரும்பப் பெற்றது. நடுவில் 12 ஆண்டுகள்! கர்ப்பிணிகளைப் பாதுகாப்பதாகச் சொல்லி மருந்தாய்வுகளிலிருந்து ஒதுக்கி வைத்துவிட்டு, சரியாகச் சோதிக்காத மருந்தை அவர்களுக்கே கொடுக்கிறோம். ஆடும் எலியும் வேறு வழியில் பிரசவிக்கும்போது, பெண்களிடம் பாதுகாப்பாக நடத்தும் ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்கித்தான் ஆகவேண்டும். அந்தப் பணம் குழந்தை பிறந்த நாளோடு நின்றுவிடவும் கூடாது.

ஏனென்றால் பிரசவத்துக்குப் பிறகு அவிழ்ந்ததை மீண்டும் கட்டவேண்டும். முடிச்சுப் போடும் நொதிக் குடும்பத்தில் லாக்ஸ்எல்1 என்று ஒன்று உண்டு. மீள்தன்மை தரும் எலாஸ்டின் நார்களைப் பிணைப்பது அதன் வேலை. அந்த மரபணுவை நீக்கிய சுண்டெலிகளுக்குக் குட்டி போட்டபின் அடியிறக்கம், அதாவது இடுப்புக்குள் இருக்கும் உறுப்புகள் கீழே சரிவது, ஏற்படுவதை 2004இல் கண்டறிந்தார்கள். இருமும்போது சிறுநீர் கசிவதையும், கருப்பை கீழே இறங்கி வருவதையும் "பிள்ளை பெற்றால் அப்படித்தான்" என்று பொறுத்துக்கொள்ளும் பெண்கள் ஏராளம். இடுப்புத் தளத் தசைப் பயிற்சி பலருக்குப் பலன் தருகிறது. இறங்கிய உறுப்பை உள்ளிருந்தே தாங்கும் வளையமும் அறுவை சிகிச்சையும் இருக்கின்றன. ஆனால் தசைப் பயிற்சி தசையைத்தான் வலுப்படுத்தும். அவிழ்ந்த முடிச்சை மறுபடி போடும் மருந்து இதுவரை இல்லை.