காலி சிலிண்டரின் கணக்கு

பாட்டிலிங் ஆலையின் டேங்கில் காஸ் நிறைய இருக்கும். வேலை மட்டும் நின்றிருக்கும். நிரப்பக் காலி சிலிண்டர் இல்லை. எல்லாம் ஊர் சமையலறைகளில் நிற்கின்றன.

திரும்பி வரும் பொருளை மொத்தம் எத்தனை வாங்கி வைப்பது? ஒரு பெருக்கல் போதும்: தினசரித் தேவையை, ஒரு சுற்றுக்கு ஆகும் நாட்களால் பெருக்க வேண்டும். கணக்குக்காக ஓர் ஏஜென்சி தினம் 400 சிலிண்டர் கொடுக்கிறது என்று வைப்போம். வீட்டில் 40 நாள். கோடவுன், லாரி, ஆலை எல்லாம் சேர்த்து 10 நாள். 400 × 50, அதாவது 20,000 சிலிண்டர் வேண்டும்.

சரி, அதே வீடுகள் எல்லாம் இரண்டாவது சிலிண்டர் வாங்கினால்? எரிகிற காஸ் துளியும் அதிகரிக்காது. ஆனால் ஒவ்வொரு சிலிண்டரும் 40 நாள் சும்மா நின்று, அப்புறம்தான் 40 நாள் எரியும். சுற்று 90 நாள். தேவை 36,000! லாரியை விரட்டி ஒரு நாளை மிச்சம் பிடித்தால் 400 சிலிண்டர்தான் குறையும். ஆனாலும் நிறுவனத்தின் கையில் இருப்பது அந்தப் பத்து நாள் மட்டுமே.

தட்டுப்பாடு என்று வதந்தி கிளம்பினால் சிக்கல் இடம் மாறும். மூலையில் கிடந்த காலிகளை எல்லாரும் ஒரே வாரத்தில் மாற்றக் கேட்பார்கள். இப்போது காலிக்குப் பஞ்சமில்லை. நிரப்பும் வேகம்தான் போதாது. சிலிண்டர் இருப்பையும் நிரப்பும் திறனையும் தனித்தனியே திட்டமிட்டால் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வோம்.

புது இணைப்பு கொடுக்கும்போது பதிலுக்குக் காலி வராது. புது சிலிண்டரே போக வேண்டும். 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் 2019 செப்டம்பருக்குள் 8 கோடி இணைப்புகள் தரப்பட்டன. அத்தனையும் சுற்றுக்குள் புதிதாக இறங்கிய இரும்பு.

அந்த அலை இன்னொரு முறை வரும். உங்கள் வீட்டு சிலிண்டரின் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளின் உட்புறம் பாருங்கள். ‘பி-27’ என்றிருந்தால் 2027 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் பாதுகாப்புச் சோதனைக்குப் போக வேண்டும். ஏ முதல் டி வரை நான்கு காலாண்டுகள். புது சிலிண்டருக்கு 10 ஆண்டில் முதல் சோதனை, பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை. ஆக, 2016–19இல் மொத்தமாக இறங்கியவை 2026–29இல் மொத்தமாகச் சோதனைக்கு வந்து நிற்கும். சோதனையில் இருக்கிற சிலிண்டர் அடுப்புக்கு உதவாது. எனவே ஒரு பங்கைக் கெடுவுக்கு முன்பே சோதித்துப் பரவலாக்க வேண்டும். அல்லது அந்த ஆண்டுகளுக்கென்று கூடுதல் சிலிண்டர் வாங்கி வைக்க வேண்டும்.