நாலு கோடி இலக்கச் சாவியை வாங்குமுன்

கல்முனையில் நகைக்கடை வைத்திருக்கும் ஒருவர் சென்ற வாரம் ஒரு விலைமனுவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கடைக் கணக்குகளை மறையாக்கம் செய்யும், அதாவது சாவியின்றி எவரும் படிக்க முடியாதபடி மாற்றும், மென்பொருளுக்குக் கேட்ட தொகை சிறியதன்று. உலகின் மிகப் பெரிய முதன்மை எண்ணைக் (1 ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்) கொண்டு பூட்டுவதே அதன் சிறப்பு என்று அச்சிட்டிருந்தார்கள். “நாலு கோடி இலக்கமாம் சேர், ஆராலயும் உடைக்க ஏலாதாம்” என்றார். மட்டக்களப்பில் கணினிப் பாதுகாப்பு வேலை பார்க்கும் எனக்கு இந்த ஆண்டில் இது மூன்றாவது விலைமனு.

அந்த எண் உண்மையானதுதான். 2 இன் 136,279,841 ஆம் வலுவிலிருந்து 1 ஐக் கழித்தால் வருவது. 2024 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்டது. 41,024,320 இலக்கங்கள் கொண்டது. மிகப் பெரியது என்பது இதுவரை கண்டறிந்தவற்றுள் பெரியது என்ற அளவிலேயே. முதன்மை எண்களுக்கு முடிவில்லை என்று யூக்கிளிட் நிறுவி 2,000 ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆனால், உலகமே அறிந்த ஓர் எண் எப்படி இரகசியமாகும்? நான் இப்போது ஒரே வரியில் எழுதிவிட்டேனே.

1977 இல் உருவான ஆர்.எஸ்.ஏ. என்ற மறையாக்க முறையில் இரண்டு முதன்மை எண்களின் பெருக்கம் வெளியே வைக்கப்படும். அவ்விரண்டு எண்களும் மறைக்கப்படும். 59 ஐ 509 ஆல் பெருக்க ஆறாந்தரப் பிள்ளைக்கு ஒரு நிமிடம் போதும். 30,031 ஐ மட்டும் கொடுத்துக் காரணி காணச் சொன்னால் அதே பிள்ளை நெடுநேரம் திண்டாடும். ஒரு காரணி 59 என்று காதில் சொல்லிவிட்டால் மிஞ்சுவது ஒரேயொரு வகுத்தல். புகழ்பெற்ற எண்ணைக் காரணியாக வைப்பவர் அதைத்தான் ஊரறியச் சொல்கிறார். மற்றக் காரணி எவ்வளவு பெரிதானாலும் பயனில்லை.

வழக்கிலுள்ள 2048 பிட் சாவிக்கு ஏறத்தாழ 309 இலக்கங்கள் கொண்ட இரண்டு முதன்மை எண்கள் போதும். அந்த அளவில் சராசரியாக 710 எண்களுக்கு ஒன்று முதன்மை எண் என்பதால் பஞ்சமே இல்லை. அவற்றை எவரும் ஊகிக்க முடியாதபடி எழுமாறாகத் தெரிவுசெய்வதில்தான் பாதுகாப்பு முழுவதும் தங்கியிருக்கிறது. 2012 இல் ஆய்வாளர்கள் இணையத்தில் திரட்டிய பொதுச் சாவிகளை, அதாவது வெளியே வைக்கப்படும் அந்தப் பெருக்கங்களை, ஒப்பிட்டபோது, ஆயிரக்கணக்கானவை பிற சாவிகளுடன் ஒரு முதன்மை எண்ணைப் பகிர்ந்திருந்தன. பள்ளியில் படித்த பொதுக் காரணிகளுட் பெரியதைக் கண்டதுமே அவை உடைந்தன. ரௌட்டர் போன்ற சிறு கருவிகள் போதிய எழுமாற்றுத் தன்மையின்றிச் சாவி உருவாக்கியதே காரணம். (சொன்னால் சிரிப்பார்கள், இன்றும் ரௌட்டரின் மென்பொருளைப் புதுப்பிக்க மறுப்பவர்களே அதிகம்.)

ஆகவே, விற்க வருபவரிடம் இலக்கங்களின் எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். சாவி எந்தக் கணினியில், எந்தச் செயலியால் உருவாகிறது என்று கேளுங்கள். தன் மடிகணினியில் உருவாக்கிப் பென் டிரைவில் தருவதாகச் சொன்னால், தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். இரகசியச் சாவியைத் தயவுசெய்து எவருக்கும் வட்சப்பில் அனுப்பாதீர்கள், எனக்கும்கூட.