லயத்துக்கு மேலே இருக்கிற மலை: அதன் அறிக்கையை நாமே கேட்டு வாங்கலாம்

எங்கள் பெரியம்மா இருப்பது தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளருக்காகக் கட்டிய வரிசை வீட்டில். அவரது காம்பராவில், அடுப்படிச் சுவரில் ஒரு வெடிப்பு. அதன் குறுக்கே அண்ணன் ஒரு துண்டுப் பத்திரிகைத் தாளைச் சோற்றுப் பசையால் ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் திகதி எழுதி வைத்தார். தாள் கிழிந்தால் சுவர் இன்னும் விலகுகிறது என்று அர்த்தம். மூன்றாம் வாரம் கிழிந்துவிட்டது. "மழைக்கு எல்லா வீடும் இப்படித்தான்டா" என்றார் பெரியம்மா.

இதை யாரிடம் சொல்வது, யார் வந்து பார்க்க வேண்டும் என்று ஓரளவுக்கு எல்லோரும் விசாரிக்கிறோம். மலை சரியுமா என்று வந்து பார்த்தவர் என்ன எழுதிக்கொண்டு போனார் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. இலங்கையின் மலையகத்தில் உயிர்கள் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயன்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது அப்புறம்தான் ஊருக்குத் தெரிந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, மக்கள் மலையடியில் இருந்தார்கள்.

சட்டங்களுக்குக் குறைவில்லை. கோப்பிக்காகக் காட்டை வெட்டித் தள்ளிய வெள்ளைக்காரர்களே, 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் யோசனையைக் கேட்டு, 5,000 அடிக்கு மேலே காடு வெட்டக்கூடாது என்று நிறுத்தினார்கள். அது காட்டையும் தண்ணீரையும் பற்றிய கவலை. லயம் எங்கே கட்டலாம் என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு 1951இல் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1980இல் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும், அதன் கீழ் அடுத்த வருடம் மத்திய சுற்றாடல் அதிகார சபையும் வந்தன.

மண்சரிவு தனிக் கவனம் பெற்றது 1986 ஜனவரியில் நுவரெலியா, பதுளைப் பக்கம் மலைகள் சரிந்த பிறகு. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 1984இலேயே தொடங்கப்பட்டிருந்தது. அதன் பெயரைப் பார்த்தால் சீமெந்தையும் கம்பியையும் சோதிக்கிற இடம் போலத் தோன்றும். ஆனால் மலையகத்தில் எந்தச் சரிவு எவ்வளவு ஆபத்து என்று வரைபடம் போடுகிறவர்கள் அவர்கள்தான். அந்த வரைபட வேலை 1990இல் நுவரெலியா, பதுளை மாவட்டங்களிலிருந்து ஆரம்பமானது. சுனாமிக்குப் பிறகு 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்டுவதற்கு முன் கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும் என்ற சுற்றறிக்கை 2011இல் வந்தது.

இங்கேதான் ஓட்டை. அந்த விதி புதிதாகக் கட்டப் போகிறவரைக் கேள்வி கேட்கிறது. 7 பேர்ச்சஸ் காணியில் வீடு கட்டப் போனால் அறிக்கை கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். ஆனால் நூறு வருடத்துக்கு முன்பே கட்டிய லயத்துக்கு யார் விண்ணப்பிப்பது? 1992இல் தோட்டங்கள் கம்பனி நிர்வாகத்துக்குப் போனபோதும் காணி அரசுடையதாகவே இருந்தது. குடியிருக்கிறவருக்கு இரண்டிலும் பெயரில்லை. அதனால் விண்ணப்பமும் இல்லை, வந்த அறிக்கையும் அவர் கைக்குப் போவதில்லை.

சரி, என்ன செய்யலாம்? தரையில் புதிய வெடிப்பு, சாய்ந்துகொண்டு போகிற மரம் அல்லது கரண்ட் கம்பம், திடீரென்று கலங்கி வருகிற அல்லது வற்றிப்போன பீலித் தண்ணீர், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கிராம சேவகரிடம் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது நிற்காது. ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை வைக்க முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. காணி உங்கள் பெயரில் இல்லை என்பது முறைப்பாடு கொடுப்பதற்குத் தடையல்ல.

அடுத்து, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். மலையகத்தில் இதைப் போதுமான அளவு பயன்படுத்தவில்லை என்பது என் எண்ணம். உங்கள் லயன் இருக்கும் சரிவைப் பற்றி எடுத்த அறிக்கையின் பிரதி வேண்டும் என்று பிரதேச செயலகத்தின் அல்லது கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். கேட்பவரின் உயிரோடு சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் எழுதும்போது அந்த வரியை மறக்காமல் சேருங்கள். பதில் திருப்தியில்லை என்றால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அங்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது.

பெரியம்மாவுக்காக நான் எழுதிய கடிதத்துக்கு ஒரு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது, முழுக்கச் சிங்களத்தில். மொழிபெயர்க்க ஆள் தேடுவதற்குப் பதிலாக, தமிழில் தரும்படி இன்னொரு கடிதம் போட்டோம். தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தந்திருக்கிற உரிமை. ஒரு மாதம் கழித்து இரண்டு பக்கம் தமிழில் வந்தது. லயத்துக்குப் பின்னால் கான் அடைபட்டிருப்பதாகவும், தண்ணீர் மேட்டுக்குள் இறங்குவதாகவும் எழுதியிருந்தது. கானைத் துப்புரவாக்கச் சொல்லி அதே அறிக்கையைக் காட்டித்தான் தோட்டத்தில் பேச முடிந்தது.

பெரிய திட்டங்களுக்கு வேறு வழி. ஒரு திட்டம் சுற்றாடலை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே பார்க்கிற சுற்றாடல் தாக்க மதிப்பீட்டை, சுற்றாடல் சட்டத்தின் 1988 திருத்தம் கட்டாயமாக்கியது. எந்தெந்தத் திட்டங்களுக்கு என்ற பட்டியல் 1993இல் வர்த்தமானியில் வந்தது. முழு மதிப்பீட்டு அறிக்கை என்றால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. மதிப்பீடு இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு, மலைக்குள் சுரங்கம் தோண்டிய உமா ஓயா நீர்த்திட்டமே சாட்சி. 2014 கடைசியில் சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டது. பிறகு பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. இருந்தாலும் அந்த 30 நாளை விடக்கூடாது. எழுத்தில் சொன்ன ஆட்சேபணை பிறகு வழக்கு என்று வரும்போது கையில் நிற்கும்.

இனி மழை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து, நாடு முழுக்க 600க்கும் அதிகமானோரைக் கொண்டுபோன பிறகு, இந்த எண்களை வீட்டுச் சுவரிலேயே எழுதி வைக்கலாம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் மஞ்சள், கவனமாக இருக்க வேண்டும். 100 என்றால் செம்மஞ்சள், புறப்படத் தயாராக வேண்டும். 150 என்றால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 என்றால் சிவப்பு, வெளியேற வேண்டும். வாயும் அடியும் ஒரே அகலமான ஜாம் போத்தலை வெளியில் வைத்து அடிமட்டத்தால் அளந்தாலே ஏறக்குறைய தெரிந்துவிடும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

எங்கே போவது என்பதையும் வெயில் நாளிலேயே கேட்டுவிடுங்கள். சில தோட்டங்களில் தங்கச் சொல்லும் பள்ளிக்கூடமே ஒரு மேட்டுக்கு அடியில் இருக்கிறது. தகவல் கேட்டு எழுதும் அதே கடிதத்தில் இரண்டாவது கேள்வியாக இதையும் போடலாம்: எங்களைத் தங்கவைக்கக் குறித்திருக்கும் கட்டிடத்துக்கு அறிக்கை எடுத்தீர்களா, எடுத்திருந்தால் அதன் பிரதியைத் தாருங்கள்.